கோர்ட் பார்த்த எங்க வாசல்

எங்க தெருவுக்கு ஸ்டே கிடைச்ச அன்னிக்கு பத்தாயிரம்வாலா வெடிச்சாங்க. ஆவடிக்கு இந்தப் பக்கம், ஏரியை ஒட்டின தெரு எங்களது. ஏரி நிலத்துல இருக்கிற வீடுங்களை எடுக்கணும்னு யாரோ கேஸ் போட்டு, கோர்ட்டும் சரின்னுடுச்சு. எங்க பக்கத்தையும் கேளுங்கன்னு நாங்க வக்கீல் வச்சோம். விசாரணை முடியறவரைக்கும் இடிக்கக் கூடாதுன்னு தடை கொடுத்தாங்க. அவ்வளவுதான். ஆனா எங்க ஆளுங்களுக்கு ஸ்டேன்னா ஜெயிச்ச மாதிரி. கவுன்சிலர் மறுநாளே பேனர் வச்சுட்டார், தடையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்கிற மாதிரி கும்பிட்டுகினு. இடிக்க ஆர்டர் வந்தப்போ தேடிப் போன எங்ககிட்ட, கோர்ட் விஷயம்மா, நான் இன்னா பண்றதுன்னு கையை விரிச்ச அதே மனுஷன்.

எனக்கு வாயில நல்லா வருது. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் பட்டா தர்றோம்னு வந்தவங்க, கரண்ட் கொடுத்தவங்க, ரோடு போட்டவங்க, வீட்டு வரி வாங்கினவங்க, ஒருத்தரும் கோர்ட்ல வந்து நிக்கல. நாங்கதான் நின்னோம். ஏரி வேணும்னு கேக்கறது தப்புன்னு நான் சொல்லல. ஒரு மழையில வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னப்பவே, இது யாரோட இடம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அந்தத் தண்ணிக்குப் பயந்து வீட்டை உசத்திக் கட்டினோம். வாசல்ல படி மேல படி. அப்புறம் எனக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துச்சு. வீல்சேர்தான். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அக்கம்பக்கத்துல ஆள் கூப்பிட்டுத் தூக்கணும். வெக்கமா இருக்கும். எங்க வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆனவர். ஸ்டே வந்த சந்தோஷத்துல, இனிமே நம்ம வீடுதானேன்னு, சிமெண்ட் வாங்கி வாசல்ல சரிவா ஒரு ராம்ப் போட்டுட்டார். நானே தள்ளிகினு வெளியே வந்து தெருமுனை காய்கறி வண்டிவரைக்கும் போனேன். கத்திரிக்காயைக் கையில எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்கி எவ்ளோ நாளாச்சு! அன்னிக்கு நான் ராணி.

கொஞ்ச நாள்ல அதிகாரிங்க வந்து அதைப் போட்டோ எடுத்துகினு போனாங்க. வக்கீல் போன்ல கத்தினார். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்னுதான் ஸ்டே கொடுத்தது, புதுசா ஒரு செங்கல் வச்சாலும் மொத்தத் தெருவுக்கும் ஸ்டே போயிடும்னார். அன்னிக்கு சாயங்காலம் தெருவே எங்க வாசல்ல நின்னுச்சு. யாரும் இடின்னு சொல்லல. சொல்லாம நின்னதுதான் என்னால தாங்க முடியல. நான்தான் சொன்னேன். அவர் முடியாதுன்னார். அப்போ எனக்குச் சோறும் வேணாம்னேன். கடைசியில சுத்தியை எடுத்தார். இடிச்சு முடிக்கிறவரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்ல.

அடுத்த விசாரணைக்கு அவர் போயிருந்தார். கவர்மெண்ட் வக்கீல் போட்டோவைக் காட்டி, தடையை வச்சுகிட்டுக் கட்டறாங்க பாருங்கன்னாராம். எங்க வக்கீல், வீல்சேர்ல இருக்கிற அம்மாவுக்காகப் போட்டது, அதையும் எடுத்தாச்சுன்னு இடிச்ச போட்டோவை நீட்டினார். ஜட்ஜம்மா ரெண்டையும் பார்த்துட்டு, அந்தம்மா இப்போ எப்படி வெளியே வர்றாங்கன்னு கேட்டாங்களாம். பின்னாடி நின்ன இவர், யாரும் கூப்பிடாமலே வாயைத் திறந்துட்டார்.

"நான் தூக்கிகினு வர்றேம்மா."

கோர்ட்ல அப்படியெல்லாம் குறுக்கே பேசக் கூடாதாம். ஆனா யாரும் அதட்டல.

தீர்ப்பு வந்த அன்னிக்கு வக்கீல் போன் பண்ணார். ஸ்பீக்கர்ல போட்டுத் தெருவே கேட்டுச்சு. ராம்ப் போட்டுக்கலாம், ஒரு மனுஷி வெளியே வர்ற வழியைப் புதுக் கட்டடம்னு சொல்ல முடியாதுன்னு ஜட்ஜம்மா எழுதியிருந்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்த பத்தியை வக்கீல் மெதுவாப் படிச்சார். ஏரி நிலம் ஏரிக்குத்தான். பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடிஞ்சதும் எல்லாரும் காலி பண்ணணும். அதுக்குள்ள அரசாங்கம் மாத்து வீடு கொடுக்கணும், எனக்குத் தரைத்தளத்துல. தட்டின கையெல்லாம் அப்படியே நின்னுபோச்சு.

மறுநாள் காலையில பார்த்தா, இந்த மனுஷன் வாசல்ல கலவை போட்டுகினு கீறார். எனக்கு வந்துச்சே கோவம்! இடிக்கப்போற வீட்டுக்கு இன்னாத்துக்குய்யா இதுன்னு கத்தினேன். நிமிராமலே சொன்னார்:

"அதுவரைக்கும் நீ உள்ளயே குந்திகினு இருப்பியா?"

போட்டு முடிச்சு, மேல ஈரச்சாக்கு விரிச்சு, காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்தினார். பேரன் பேத்தி காலம்வரைக்கும் நிக்கப்போற கட்டடத்துக்கு ஊத்தற மாதிரி. போதும் விடுய்யான்னேன்.

"சரியா இறுகலன்னா வண்டி சறுக்கும். நீ விழுந்தா கோர்ட்டா வந்து தூக்கும்?"

நான் முகத்தை உள்பக்கம் திருப்பிகினு அழுதேன். அவர் அடுத்த குடம் தண்ணி எடுக்கப் போனார்.