புடவை மடிப்பில் போன கடிதம்

எண்பதுகளில் நடந்தது. சென்னையில் ஜெர்மன் மொழி படித்த என் மகள் விடுமுறைக்கு ஆரணி வந்திருந்தாள். அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது தபால்காரர் வந்தார்.

“பொண்ணு தெனம் கேட்டுகினு இருந்துச்சே, அந்த ஸ்காலர்ஷிப் கடிதம்ங்க. ஜெர்மனிக்கே போயி படிக்கலாம்!”

அவ்வளவு தூரம் போனவள் திரும்புவாளா? தறியிலிருந்து அறுத்துவைத்த பட்டுப்புடவையின் மடிப்புக்குள் கடிதத்தைச் செருகிவிட்டேன்.

மறுநாள் புடவை இல்லை. வீட்டுக்காரர் அதைப் பட்டுக்கடை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். தொல்லை விட்டது என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை; அவள் தினம் தபால்காரரிடம் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்படி ஏறியதே இல்லை. அன்று ஏறினேன்.

“இன்னாம்மா, வூட்டுக்காரர் குடுத்த புடவைய நீங்க வாங்கிக்க வந்தீங்களா?” என்று முதலாளி சிரித்தார்.

புடவை அடுக்கைக் காட்டி, பிரிக்கச் சொன்னேன். எட்டாவது புடவையைப் பிரித்ததும் கடிதம் விழுந்தது. அவர் வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“ஜல்தி கொண்டுபோய்க் குடுங்கம்மா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

ஓடிவந்து கொடுத்தேன்.

“இப்பதான் வந்துச்சாம்மா?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் போனாள், படித்தாள், திரும்பியும் வந்தாள். அது பொய் என்று மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நான் எழுதிய இந்தக் கதையில் எழுத்துப்பிழை பார்க்க அவளிடம்தான் கொடுக்க வேண்டும்.