காயவைத்த படகு

எங்கள் ஊரில் எதையும் வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நெல், சோளம், மிளகாய், பிள்ளை நனைத்த மெத்தை எல்லாமே வெயிலுக்குத்தான் போகும். அந்தப் பாழாய்ப்போன நம்பிக்கைதான் என் சித்தப்பாவின் படகைக் கெடுத்தது.

கெங்குவார்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பக்கத்தில் அணை. மீன் பிடிக்கிறவர்கள் பைபர் படகுக்கு மாறிய பிறகு, பழைய மரப்படகு ஒன்று கரையில் கவிழ்ந்து கிடந்தது. நாய் குட்டி போடுவதற்கு மட்டும் அது உதவிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. சித்தி பிரசவத்தில் பிள்ளையோடு இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. சட்டை மாற்றவே நாலு பேர் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர் ஒருநாள் தனியாக அணைப்பக்கம் போனார். எதற்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து, அந்தப் படகைச் சரிபண்ணிப் பாய் கட்டி ஓட்டலாம் என்றார். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். அவர் வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதே எங்களுக்குப் பெரிது.

ஊரே சேர்ந்துகொண்டது. மாதா கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற ஆட்கள் வந்து படகை நிமிர்த்தி, உளுத்த பலகைகளை மாற்றினார்கள். இடுக்குகளில் இலவம் பஞ்சைத் திணித்துத் தார் பூசினார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் தார்ப்பாயை வெட்டிப் பாய் தைத்தார்கள். கடலைக் கண்ணால் பார்த்திராத ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சித்தப்பா தார் அப்பிய கையோடு சாப்பிட வந்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அன்று அப்பா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

பிறகு காயவைத்தார்கள். கோடை முழுக்க, நிழலே விழாத இடமாகப் பார்த்து வைத்தார்கள். "நல்லாக் காஞ்சாத்தான் தண்ணி அண்டாது" என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

நான் இப்போது கொச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேன். இங்கே காய்ந்து கிடந்த மரப்படகை ஓட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீரில் மூழ்க விடுகிறார்கள். பலகை ஊறிப் பருத்து, இடுக்கெல்லாம் தானாக அடைத்துக்கொள்கிறது. இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிக் காற்று எழுந்ததும் படகை இறக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். சித்தப்பா ஏறி உட்கார்ந்து, கரையை விட்டு நகர்வதற்குள் எல்லா இடுக்கிலும் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் காயல" என்றார் அப்பா. இழுத்து வந்து, மறுபடி தார் பூசி, மறுபடி காயவைத்தார்கள். இரண்டாவது தடவை முன்னைவிட வேகமாக மூழ்கியது. கரையில் நின்ற ஒருவன், "பொண்டாட்டியவும் காப்பாத்தல, படகயும் காப்பாத்தல" என்றான். அந்த நாக்கு அழுகிப்போக. அது சித்தப்பா காதில் விழுந்தது. நனைந்த வேட்டியோடு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. படகு கரையோரம் விளிம்பு மட்டும் தெரிய, தண்ணீரிலேயே கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சில நாள் கழித்து அப்பா, "அது அங்கன கெடக்குற வரைக்கும் அவன் எந்திரிக்க மாட்டான்" என்று சொல்லி, கோடாலியை எடுத்துக்கொண்டு இரண்டு ஆட்களோடு கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். இழுக்கப் பாரமாக இருந்ததால், முதலில் வாளியால் தண்ணீரை இறைத்தார்கள். வெட்டுவதற்குத் தோதான மேடு கொஞ்சம் தள்ளி இருந்தது. "ஏறி உக்காரு ஆத்தா" என்று அப்பா என்னைத் தூக்கி உள்ளே வைத்து, கயிற்றைப் பிடித்துக் கரையோரமாக இழுத்துக்கொண்டு நடந்தார். காற்று நன்றாக அடித்தது. படகு வாத்து மாதிரி போயிற்று. அதில் சவாரி போன ஒரே ஆள் நான்தான். மேட்டுக்கு வந்ததும் என்னை இறக்கிவிட்டு வெட்ட ஆரம்பித்தார்கள். தம்பியைப் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்ற வேகம் அப்பாவுக்கு. வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவிடம் ஓடினேன். படகில் போன பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"உன்னய ஏத்துனாகளா?" என்று படுத்தபடியே கேட்டார். "எங்கன வரைக்கும் தண்ணி ஏறுச்சு?"

"ஏறவே இல்ல சித்தப்பா. பாவாடகூட நனையல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். என் பாவாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப எங்கன இருக்கு?"

"அப்பா வெட்டிட்டாக. வெறகா வண்டியில வருது" என்றேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

சித்தப்பா மறுபடி படுத்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தூங்கப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு விளையாடப் போனேன்.