வருஷத்தில் ஒரு நாள் வெளியாள்

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஈப்போவுக்கு வெளியே இருந்த அரசுப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கிளையில் டிரைவராகச் சேர்ந்து ஆறே மாதத்தில் நிரந்தரமாகிவிட்டேன். லேண்ட் ரோவரை இரண்டு தடவை சாக்கடையில் இறக்கினேன், அப்போதும் நிரந்தரம்தான். காவல் காக்காமல் வாசலில் தூங்கும் ஜாகா நிரந்தரம். புல் வெட்டும் சன்னாசி நிரந்தரம். டாக்டர் டோரிஸ் மட்டும் பதினோரு வருஷமாகத் தற்காலிகம். இந்தக் கூத்தை வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

டோரிஸின் அப்பா பெரியநாயகம், ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். மகள் உபகாரச் சம்பளத்தில் படித்தார். ரப்பர் மரத்தின் வேரைத் தின்னும் நோயை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கி, 1973 ஜூலையில் எங்கள் கிளையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே, "அண்ணே, அந்த மூணாவது நெரைய பாருங்க, கீழ வேர் போச்சு," என்பார். இறங்கித் தோண்டினால் வேர் அழுகித்தான் கிடக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவருக்கு வேலை ஒரு வருஷத்துக்குத்தான். ஜூன் முப்பதாம் தேதியோடு முடிந்துவிடும். ஜூலை இரண்டாம் தேதி போட்டுப் புதுக் கடிதம் வரும். நடுவில் ஜூலை முதல் தேதி ஒன்று இருக்கிறதே, அன்று அவர் எங்கள் கிளைக்கு யாருமில்லை. தொடர்ந்து வேலை பார்த்தார் என்று யாரும் உரிமை கேட்டு வரக்கூடாது என்பதற்காக அந்த ஒரு நாள் ஓட்டை. தோட்டத்தில் குத்தகைக்காரன் மரம் சீவ ஆள் எடுக்கும்போது செய்கிற அதே வேலை. அவன் கைநாட்டுக்காரன். இதைச் செய்ய நம் ஆள் இங்கிலாந்துவரை போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

நம் ஆள் என்றது எங்கள் துறைத் தலைவர் டாக்டர் கஸ்பாரை. அவரும் தமிழர்தான், அவரும் கிறிஸ்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஈப்போவில் ஒரே கோயிலில்தான் பூசை பார்த்தார்கள். ஆனால் கஸ்பாரின் அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கிராணி மகனுக்கு மரம் சீவினவர் மகளைப் பக்கத்து நாற்காலியில் வைத்துப் பார்க்க முடியவில்லை. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

டோரிஸ் கல்யாணம் ஆகாமல் இருந்தபோது, "நாளைக்கே கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிருவீங்க, எதுக்கு நிரந்தரம்?" என்றார் கஸ்பார். டோரிஸ், பள்ளி ஆசிரியர் லூயிஸைக் கட்டிக்கொண்டு, எங்கும் போகாமல், கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் வேலைக்கு வந்து நின்றார். "வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரு இல்ல, இனி எதுக்கு?" என்றார் கஸ்பார். ஐயாவு என்று ஒரு பையன் பின்னால் விரிவுரையாளராக வந்து சேர்ந்தான். நுண்ணோக்கியில் எந்தக் கண்ணை வைப்பது என்று டோரிஸிடம் கேட்டவன். ஒரே வருஷத்தில் நிரந்தரம், டோரிஸைவிட அதிகச் சம்பளம். "அவனுக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கு," என்றார் தலைவர். டோரிஸின் இரண்டு பிள்ளைகளைக் காட்டு எலிகள் வளர்த்தன போலும்.

ஜூலை முதல் தேதி டோரிஸ் வீட்டில் இருந்தாரா என்றால், அதுதான் இல்லை. ஆயர் தாவாரில் ஐந்நூறு ரப்பர் கன்றுகளை நட்டு வைத்திருந்தார். மாதா மாதம் முதல் தேதி ஒவ்வொன்றையும் அளந்தாக வேண்டும். நாள் தவறினால் ஆராய்ச்சி கெட்டுவிடும். இது கஸ்பாருக்கும் தெரியும். அவரே என்னைக் கூப்பிட்டு, "டாக்டர் டோரிஸ ஆயர் தாவாருக்குக் கொண்டு போ," என்பார். கிளைக்கு யாருமில்லாதவர் சம்பளமும் இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் குனிந்து அளப்பார். அந்த அளவுகளை வைத்து எழுதிய கட்டுரையில் முதல் பெயர் கஸ்பாருடையது.

1984 மே மாதம் தலைமையகத்தில் இருந்து ஓர் உத்தரவு வந்தது. பத்து வருஷம் இடைவிடாமல் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்கலாம். பென்ஷனும் உண்டு. டோரிஸ் விண்ணப்பித்தார். அதைப் பரிசீலித்த குழுவில் கஸ்பார் கோப்பைப் புரட்டி, "பத்து இடைவெளி இருக்கே," என்று வருத்தப்பட்டாராம். வருத்தப்பட்டாராம்!

டோரிஸ் என்னிடம் வந்தார். "அண்ணே, வண்டியோட லாக் புக்கு பழசெல்லாம் இருக்கா?"

"இருக்குலா டாக்டர். ஸ்டோர்ல கட்டி வச்சிருக்கேன்."

வண்டியில் யார் ஏறினார், எங்கே போனார் என்று நான் எழுத வேண்டும். ஏறியவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஜூலை முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று பூசை முடிந்து லூயிஸின் மோட்டார் சைக்கிளில் போனார். மற்ற ஒன்பது தேதிக்கும் டோரிஸின் கையெழுத்து இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கஸ்பார் முகத்தில் கரி பூசியாயிற்று என்று நானே புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் குழுவின் மேசையில் வைத்தேன்.

பத்து நாளில் டோரிஸுக்கு ஒரு சூராட் வந்தது, ஆபீஸ் கடிதம். அந்த ஒன்பது நாளும் நீங்கள் பல்கலைக்கழக ஊழியர் அல்ல. எந்த அதிகாரத்தில் அரசாங்க வண்டியில் ஏறினீர்கள்? காரணம் காட்டுக. படித்துவிட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. வேலை செய்ததற்கு அத்தாட்சி கொடுத்தால், அதையே குற்றப்பத்திரிகையாக மாற்றும் மூளை படித்தவனுக்கு மட்டும்தான் வரும்.

மறுநாள் எனக்கும் ஒன்று வந்தது. வெளியாளை ஏற்றியது ஏன்? மலாயில் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். கஸ்பார் என்னை உள்ளே அழைத்தார். "சதாசிவம், அன்னிக்கு அவங்க ஸ்டாஃப் இல்லன்னு எனக்குத் தெரியாது, அவங்க சொல்லித்தான் ஏத்துனேன்னு எழுதிக் குடு. விஷயம் முடிஞ்சிரும். பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம்தான இருக்கு?" கஸ்பார்தான் என்னைப் போகச் சொன்னார் என்று நான் எழுதினால் டோரிஸ் தப்பிப்பார். அது எனக்கும் தெரியும், கஸ்பாருக்கும் தெரியும்.

இவ்வளவு நேரம் எல்லோரையும் ஏசினேனே, என் யோக்கியதையையும் கேளுங்கள். எனக்கு மலாய் பேச வரும், எழுத வராது. லீவுக் கடிதம்கூட டோரிஸ்தான் எழுதித் தருவார். வெட்கமில்லாமல் அன்றும் அவரிடமே போய் நின்றேன்.

"என்னண்ணே எழுதணும்?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

பேனா நின்றது. "நான் சொல்லித்தான் ஏத்துனீங்களா?"

"பென்ஷன் டாக்டர்," என்றேன்.

நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல், நிறுத்தி நிதானமாக எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். போட்டேன். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஜூன் முப்பதோடு அவரை அனுப்பினார்கள்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கஸ்பார் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "மலாய் ரொம்ப நல்லாருக்கே. யாரு எழுதிக் குடுத்தா?"

"நானேதான் சார்," என்றேன்.