இரண்டாம் தசமி

ரேவதிக்கு மாமியார் கொடுமை என்று ஒன்று நடந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் புஷ்பாவை நீங்கள் தவறாக எடைபோட்டுவிடுவீர்கள். காலையில் மருமகள் எழுந்து வரும்போது காபி தயாராக இருக்கும். மதியச் சாப்பாடு டிபன் பாக்ஸில் கட்டியாகியிருக்கும். மாலையில் வேலப்பன்சாவடியில் கல்லூரி நூலக வேலை முடிந்து, பஸ் மாறி வெள்ளானூரில் இறங்கினால், நிறுத்தத்தில் டார்ச்சோடு புஷ்பா நின்றிருப்பாள். பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் நகர் அது. தெருவிளக்கு எப்போதாவது எரியும். பாம்பு எப்போது வேண்டுமானாலும் வரும். மருமகளின் காலடியில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே புஷ்பா பின்னால் நடந்து வருவாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒருநாளாவது தவறக் கூடாதா என்று ரேவதி நினைக்கத் தொடங்கியது பிற்பாடுதான்.

பாடியில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மூத்த மகள் ரேவதி. செவ்வாய் தோஷம் என்று சொல்லிச் சொல்லியே கல்யாணம் முப்பதைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் ஒரேயடியாக அமெரிக்க மாப்பிள்ளை வந்து வாய்த்தான். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பார்த்தசாரதியின் ஒரே பிள்ளை ஸ்ரீராம். அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கியிருந்தான். “கொடுத்து வெச்சவடி நீ” என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு வந்தவன் மூன்று வாரம் இருந்தான். மனைவியை அழைத்துக்கொள்ள மனு போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு அவன் போனுக்குள்தான் இருந்தான்.

மனு ஏற்கப்பட்ட செய்தி வந்த அன்று அதிகம் சந்தோஷப்பட்டது மாமனார்தான். ஆவடிக்கே போய் இனிப்பு வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். “நீ போம்மா. இந்த வூட்ட நாங்க பாத்துக்கறோம்” என்றார். வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஐப்பசி மழையில், வளர்பிறை தசமியன்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

காரியம் செய்ய வந்திருந்த ஸ்ரீராம், அதற்கு முந்தின நாள், விசா மையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாகச் சொன்னான். இனிப் பணத்தைக் கட்டிக் காகிதங்களைக் கணினியில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி. வீடு நிறைய உறவுக்காரர்கள். புஷ்பா சுவரில் சாய்ந்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“துக்க வருஷத்துல புதுசா எதையும் தொடங்கக் கூடாதும்மா. கடல் தாண்டற காரியம் வேற. வருஷம் திரும்பட்டும்.”

யாரும் மறுக்கவில்லை. பண்டிகை இல்லை, புதுத்துணி இல்லை என்றிருக்கும் வீட்டில் பயணம் மட்டும் எப்படி? ஸ்ரீராம் சரி என்றான். ரேவதியும் தலையாட்டினாள். தாலி இழந்த கழுத்தோடு உட்கார்ந்திருப்பவளைத் தனியாக விட்டுவிட்டு ஓட அவளுக்கும் மனம் வரவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவளுடைய அப்பா மட்டும் முணுமுணுத்தார். பெண்ணைப் பெற்றவர் பேச்சு எந்தச் சபையில் ஏறியிருக்கிறது?

நூலகத்தில் கூட வேலை பார்க்கும் சித்ராதான் முதலில் பயத்தைக் கிளப்பினாள். அவளுடைய அக்கா இதே வழியில் அமெரிக்கா போனவள்.

“வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பாக்கலன்னா கேஸை மூடிடுவாங்கடி. பணம் கட்ட வேணாம், ஒண்ணும் வேணாம். நம்பரைப் போட்டு அவங்க வெப்சைட்டுக்குள்ள ஒருவாட்டி போனாலே போதும்னு அக்கா சொல்வா. உன் நம்பர் என்ன?”

ரேவதியிடம் நம்பர் இல்லை. அன்றிரவே போனில் கணவனிடம் கேட்டாள். “அதெல்லாம் உனக்கெதுக்கு? நான் பாத்துக்கறேன்” என்றான். மறுநாள் காலை புஷ்பா பருப்பு உருண்டைக் குழம்பு வைத்திருந்தாள். ரேவதிக்கு உயிர் அது. மாசி மாதம் மறுபடி கேட்டாள். மறுநாளும் பருப்பு உருண்டைக் குழம்பு. வைகாசியில் கேட்டபோதும் அப்படியே. குழம்பில் என்ன இருக்கிறது, தற்செயல்தான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழம்பு தொண்டையில் இறங்க மறுத்தது.

புரட்டாசியில் ஐயர் பஞ்சாங்கத்தோடு வந்தார், தலைதிவசத்துக்கு நாள் சொல்ல.

“இந்த ஐப்பசில வளர்பிறை தசமி ரெண்டு வாட்டி வருதும்மா. மாசப் பிறப்புல ஒண்ணு, மாசக் கடைசில ஒண்ணு. ரெண்டு வந்தா பின்னாடி வர்றதுலதான் செய்யணும்.”

“அப்படியே செஞ்சிடலாம்” என்றாள் புஷ்பா.

ரேவதி விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். முதல் தசமி என்றால் மூச்சுவிட நேரம் இருந்தது. இரண்டாம் தசமிக்குச் சில நாள் முன்பாகவே அந்தக் கடிதத்துக்கு வருஷம் முடிந்துவிடும். வெள்ளைக்காரன் காலண்டருக்குத் திதி தெரியுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே பூசாரிமீதுகூடப் பழியில்லை, சாஸ்திரம் அப்படித்தான்.

மொட்டை மாடிக்குப் போய் ஸ்ரீராமை அழைத்தாள்.

“சும்மா உள்ள போய்ப் பாத்தா போதுமாம். அது எதையும் தொடங்கற மாதிரி ஆகாது. ஒரே ஒருவாட்டி பாத்துடுங்க.”

“நேத்துதான் பாத்தேன் ரேவதி. எல்லாம் சரியா இருக்கு. மனசப் போட்டுக் குழப்பிக்காத.”

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? கட்டின புருஷன் சொன்ன சொல்லுக்கு ரசீதா கேட்க முடியும்?

தலைதிவசத்துக்கு ஸ்ரீராம் மறுபடி வந்தான். பிண்டம் வைத்தான், காக்கைக்குச் சோறிட்டான், அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தான். ரேவதியிடம் அன்பாகத்தான் இருந்தான். கிளம்புகிற அன்று, கார் வாசலில் நிற்கும்போது, அவள் கடைசியாக ஒருமுறை நம்பரைக் கேட்டாள். மறுப்பான் என்று நினைத்துத்தான் கேட்டாள். அவனோ சிரித்துக்கொண்டே அவள் போனை வாங்கி, மனப்பாடமாக எல்லாவற்றையும் அதில் பதிந்து கொடுத்தான்.

“இந்தா, வெச்சுக்கோ.”

ஒரு வருஷமாகக் கெஞ்சியும் கிடைக்காதது இவ்வளவு சுலபமாகக் கையில் விழுந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் நூலகக் கணினியில் சித்ராதான் அதைத் திறந்தாள். வாசித்துக்கொண்டே போனவள் திரையை ரேவதி பக்கம் திருப்பினாள். ஓராண்டாக யாருமே தொடர்புகொள்ளாததால் பதிவை ரத்து செய்யும் வேலை தொடங்கிவிட்டது என்றிருந்தது. கைமீறிய காரணம் ஏதேனும் இருந்தால் அடுத்த ஓராண்டுக்குள் தெரிவிக்கலாம் என்றும் இருந்தது.

“நேத்துதான் பாத்தேன்னு அன்னிக்குச் சொன்னாரேடி” என்றாள் ரேவதி. சித்ரா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று வெள்ளானூரில் இறங்கியபோது நிறுத்தத்தில் டார்ச் இல்லை. முதல்முறையாகத் தனியாக நடந்தாள். இருட்டத் தொடங்கிய தெருவில் புல் அசைகிற இடமெல்லாம் நின்று நின்று நடந்தாள். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பதைப்புதான் நெஞ்சில் முதலில் எழுந்தது. பாவம், அவள் வளர்ப்பு அப்படி.

புஷ்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வராந்தாவில் எல்லா விளக்கும் எரிந்தன. கிரில் பட்டறைக்காரன் ஒருவன் டேப் பிடித்து வாசலை அளந்துகொண்டிருந்தான். டேப்பின் மறுமுனை புஷ்பாவின் கையில் இருந்தது.

“வாம்மா. வருஷம்தான் திரும்பிடுச்சே, கிரில் போட்டுடலாம்னு வரச் சொன்னேன்.”

“ரெண்டு லேடீஸ் தனியா கீற ஊடு” என்றான் அவன். “கம்பி திக்கா போட்டாதாம்மா நல்லது. மேல தொட்டு கீழ வரிக்கும் அடச்சிர்லாம்.”

ரேவதி செருப்பைக் கழற்றாமலே நின்றாள். “அத்தை, என் கேஸை ரத்து பண்ணப் போறாங்களாம். ஒரு வருஷமா யாருமே உள்ள போகலயாம்.”

புஷ்பா டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் பண்ணலையே. காரணம் சொல்றதுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்காமே. மார்கழி வரப்போகுது, இப்ப எதுக்கு? தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்.”

அந்த இன்னொரு வருஷக் கணக்கு அன்று மத்தியானம்தான் ரேவதிக்கே தெரியும். அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பாம்பு கிடக்கிற தெருவில் வராத பயம், விளக்கு எரிகிற அந்த வராந்தாவில் அவளுக்கு வந்தது.

“சாவி எத்தினிம்மா வோணும்?” என்று கேட்டான் பட்டறைக்காரன்.

“ரெண்டு போதும்பா” என்றாள் புஷ்பா. பிறகு மருமகளிடம் வந்து, அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, நாளைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள்.