கண்ட்ரோல் குடுங்க சார்

இறக்கைகளுக்குக் காற்றின் தாங்கல் போய் விமானம் சரியத் தொடங்கினால், முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். இயக்குவது ஒருவர் கை மட்டுமே. அவர் தவறினால் மற்றவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி, தன் கைப்பிடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெறும்வரை விமானிகளுக்கு இந்த விதியைத்தான் பாடம் நடத்தினேன். அதில் 'தயவுசெய்து' என்ற சொல் கிடையாது.

ஆம்பூரில் இருக்கும் என் தங்கையின் மகள் துணை விமானி ஆவதற்கான கடைசித் தேர்வை எழுதினாள், சிமுலேட்டரில். பக்கத்தில் மூத்த கேப்டன் ஒருவர். "ஸ்டால், ஸ்டால்" என்று விமானம் சரிவதைச் சொல்லும் எச்சரிக்கை கத்தியதும் அவர் பதறிப்போய்த் தன் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். இவள் தன்னுடையதைச் சரியாக முன்னால் தள்ளினாள். அந்த ரக விமானத்தில் இரண்டையும் கணினி கூட்டிக்கொள்ளும். தள்ளியதும் இழுத்ததும் கழிந்துபோக, விமானம் திரையில் தெரிந்த கடலில் விழுந்தது.

அவருக்கு அறிவுரை. இவளுக்குத் தோல்வி.

பிரியாணிக் கடையில் வைத்துக் கேட்டேன். "அவர்கிட்ட இன்னாதான் சொன்ன?"

"'கண்ட்ரோல் குடுங்க சார்'னு கேட்டேன் மாமா."

"பஸ்ல சீட்டா கேக்குற?"

"அவருக்கு அப்பா வயசு மாமா. எப்படிப் புடுங்குறது?"

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் தங்கை, மகளுக்குப் பரிந்து வந்தாள். "நாங்களும் சூப்பர்வைசர்கிட்ட 'மெஷின நிறுத்துங்க சார்'னுதாண்ணா சொல்லுவோம்."

"கை மாட்டிக்கினாக்கூடவா?"

"அப்பவும் சார் போட்டுத்தான்."

சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

பிடியை விடாதது கேப்டனின் பிழையும்தான் என்று விதி எண்ணோடு மறுதேர்வு கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். அவளுடைய பயிற்சிச் சான்று ஜூன் கடைசிவரைதான் செல்லும். தாண்டினால் எல்லாம் முதலிலிருந்து. அந்த வீட்டுக்கு இன்னொரு முறை செலவழிக்கத் தெம்பு இல்லை. நினைவூட்டல்கள் அனுப்பினோம். எல்லாம் உரிய வழியில், உரிய மரியாதையோடு.

காத்திருந்த மாதங்களில் அவள் வீட்டிலேயே பழகினாள். "ஐ ஹேவ் கண்ட்ரோல்!" என்று கத்தி அம்மாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்குவாள்.

"மாமியார் வீட்லயும் இப்படித்தான் புடுங்குவியாடி?"

"ஆமாம்மா!"

குரலில் தயக்கம் போய்விட்டிருந்தது. நான் பாடம் நடத்தியவர்களில் பாதிப் பேர் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சான்று செல்லுபடியாகும் காலத்துக்குள் மறுதேர்வு எழுதலாம் என்று அனுமதித்துப் பதில் வந்தது, ஜூலை இரண்டாம் தேதி.