முதலில் சாப்பிட்டுவிடுவோம், சாமி

சோறு போட்டு ஒரு பெண்ணின் வாயை அடைத்தவள் நான்.

பட்டினி போட்டு அடைத்தவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வயிறு நிறையப் போட்டு அடைத்தேன். என் கையாலேயே பரிமாறி, இன்னும் கொஞ்சம் விட்டுக்கொள் என்று கெஞ்சி, அவள் போதும் போதும் என்று இலையை மறைத்த பிறகும் ஊற்றி... அடைத்தேன்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. எங்கள் பக்கம் வந்து விசாரித்துப் பாருங்கள், டீச்சரா, தங்கமான மனுஷியாச்சே என்பார்கள். அந்தச் சொல்தான் எனக்கு இப்போது தாங்கவில்லை.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் வேதக்கோயிலில் பாடற்குழுவை நடத்துகிறவள். ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த சனத்தையும் பங்கு என்போம். பாலத்தைத் தாண்டினால் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பங்கு. அக்கரை என்றுதான் சொல்வோம். நாற்கரச் சாலையை ஒட்டி இன்னொரு பங்கு. மூன்று கோயிலுக்கும் மூன்று சாமியார்கள் இருந்த காலம் போய், இருவர் என்று ஆனது. சாலையோரப் பங்கின் சாமியார் முதியவர். அவரால் அந்த ஊரை விட்டு அசைய முடியாது. ஆகவே எங்களுக்கும் அக்கரைக்கும் சேர்த்து ஓர் இளைய சாமியார்.

மூன்று பங்குகளும் சேர்ந்து வாழத் திட்டமிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை கூடி உட்கார்ந்து அது எப்படி நடந்தது என்று மதிப்பிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். கூட்டுக் குழு அமைந்தது. செயலர் யார்? வேறு யார்... நான்தான்!

பொய் சொல்லமாட்டேன், அந்த வாழ்வு இனித்தது. அதுவரை அடுத்த பங்குத் திருவிழாவுக்குப் போனால்கூட, சப்பரத்தில் அவர்கள் வைத்த பூ நம்மைவிடக் குறைவா கூடுதலா என்று பார்க்கத்தான் போவோம். இப்போது அக்கரைப் பெண்கள் எங்கள் பீடத்துக்குப் பூக்கட்டித் தந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய வியாழனுக்கு மூன்று ஊரும் ஒரே கோயிலில் நின்றபோது, சாலையோரப் பங்கின் மிக்கேல் அண்ணாச்சி, பெயிண்டுக் கடைக்காரர், என் பக்கம் திரும்பி, "டீச்சர், நம்ம சனம் இம்புட்டுப் பேரா! இத்தன நாளா எங்கன இருந்தோம்?" என்று கேட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

லூர்துவை எனக்குத் தந்ததும் அந்தக் கூட்டு வாழ்வுதான். அக்கரைப் பங்கின் பிரதிநிதி அவள். வாழைத்தார் லாரியில் ஏற்றும் சூசையின் மனைவி. அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் சிரித்தால் முழு முகமும் சிரிக்கும். உடன்பிறந்தவள் இல்லாத எனக்கு அவள் வந்து சேர்ந்தாள். வாரத்தில் ஒருநாளாவது பாலம் தாண்டி வந்து என் அடுக்களையில் உட்காராவிட்டால் எனக்குக் கை ஓடாது.

அவளுக்குத்தான்... அவளுக்குத்தான் இதைச் செய்தேன்!

செயலர் நான் என்று சொன்னேன் அல்லவா, திட்டத்தை எழுதியவளும் நான்தான். அந்தத் திட்டத்தில் ஒரு வரி. அக்கரையின் ஞாயிறு அதிகாலைப் பூசை சனிக்கிழமை மாலைக்கு மாறும். காரணம் என்ன சொன்னேன் தெரியுமா? சாமியாருக்கு ஓய்வு வேண்டும், ஒரே காலையில் இரண்டு கோயிலுக்கு அவர் ஓடக் கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு கரிசனம்!

உண்மைக் காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். அக்கரையில் பூசை முடித்து வரும் சாமியார் எங்கள் கோயிலுக்குத் தாமதமாக வருவார். வந்ததும் வராததுமாக, "டீச்சர், பாட்டக் கொஞ்சம் சுருக்குங்க" என்பார். வாரமெல்லாம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழக்கிய பாட்டு! காணிக்கைப் பாட்டில் இரண்டாம் சரணம் பாடியே பல மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு என் பாட்டு முழுசாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இதற்குமேல் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

அடுத்த தவக்காலத்தில் மதிப்பீட்டுக் கூட்டம் வந்தது. எங்கள் கோயில் மண்டபத்தில்தான். இந்தப் பக்கத்துப் பங்குகளையெல்லாம் மேற்பார்க்கும் மறைவட்ட அதிபர் வருகிறார் என்றார்கள். முதலில் மதிப்பீடு, பிறகு சாப்பாடு என்று ஏற்பாடு. தவக்காலமாதலால் கறி மீன் கிடையாது. தேங்காய்ப்பால் குழம்பான சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைப்பதாக முடிவு செய்தேன். பக்கத்துப் பிள்ளைமார் வீட்டம்மா கல்யாணச் சொதியின் பக்குவத்தை எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

லூர்து காலையிலேயே மண்டபத்து அடுக்களைக்கு உதவிக்கு வந்துவிட்டாள். தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அக்கா, இன்னைக்குக் கூட்டத்துல நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது."

"எங்கிட்ட என்னளா பீடிகை? சொல்லு."

"ஞாயித்துக்கிழமை காலப் பூசை எங்களுக்குத் திரும்ப வேணும்க்கா."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் பைய, திக்கித் திக்கிச் சொன்னாள். சூசை முன்பு குடித்தவன். உவரி அந்தோணியார் கோயிலில் மொட்டை போட்டுக் குடியை விட்டவன். இது ஊருக்கே தெரியும். தெரியாததை இப்போது சொன்னாள்.

"சம்பளம் கைக்கு வாரது சனிக்கிழம ராத்திரிதான்க்கா. லோடு முடிஞ்சதும் எல்லாரும் கடைக்குக் கூப்பிடுவானுவ. 'ஏலே, விடிஞ்சா பூசையில நன்ம வாங்கணும்லே, குடிச்ச வாயோட வாங்கக் கூடாது, ஆள விடுங்க'ன்னு இவுக வந்துருவாவ. அத யாரும் மறுத்துப் பேசமாட்டானுவ. இப்பத்தான் பூசை சனிக்கிழம சாயங்காலமே முடிஞ்சிருதே! லோடு ஏத்துத நேரம், இவுகளால வரவும் முடியல. கூப்பிடுதவனுக்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்ல."

"எட்டு மணிப் பூசைக்கு இங்கன வரலாம்லா?"

"எங்க கோயில்ல மணி அடிக்கது அவுகதான்க்கா. இங்கன வந்து கடைசியில நிக்க அவுகளுக்குக் கூச்சமா இருக்கு." பிழிந்த தேங்காயை மறுபடி பிழிந்தாள். "இன்னும் குடிக்கல. ஆனா ரொம்ப நாளு தாக்குப்பிடிக்க மாட்டாவ. எனக்குத் தெரியும்."

"நான் சாமிட்டச் சொல்லிப் பாக்கேன்" என்றேன்.

"வேண்டாம்க்கா. சபையில நானே கேக்கேன். ஊருக்காகக் கேட்டா அவுக பேரு அடிபடாதுல்லா?"

எத்தனை தடவை மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள்! நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்...

நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். கையைத் துடைத்தேன். நேரே மண்டபத்துக்குப் போய் இளைய சாமியாரிடம் சொன்னேன்.

"சொதி ஆறினா நல்லாருக்காது, சாமி. முதல்ல சாப்பிட்டுருவோம். மதிப்பீட்டப் பெறவு வச்சுக்கிடலாம்."

அவர் சின்னப் பிள்ளை, பசித்திருக்கும். சரி என்றுவிட்டார்.

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்து மனிதர்களைத் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால், அந்த வீட்டைப் பற்றிய குறை அன்றைக்கு வாயில் வராது. சாப்பிடும் முன் சண்டை போடுவார்கள்; சாப்பாடே வேண்டாம் என்று எழுந்தும் போவார்கள். சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லவே மாட்டார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் போனேன். அடுக்களையிலிருந்து மண்டபத்துக்கு நடந்த அந்தச் சிறு தூரத்தில், நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

எப்போதும் கடைசிப் பந்தியில் உட்காரும் லூர்துவை முதல் பந்திக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "காலையிலேருந்து வேல செய்யுதா பாவம்" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். மறைவட்ட அதிபருக்கு எதிரே உட்கார்த்தினேன். சொதியை நானே ஊற்றினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பாசத்தால் செய்கிறேன் என்று நினைத்தாள்... அதுவும் பொய்யில்லையே! அந்த நேரத்திலும் அவள் மேல் எனக்குப் பாசம் இருந்தது. பாசம் இருந்துகொண்டே இதைச் செய்ய முடிந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

கை கழுவி வந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். கண்கள் சொருகின. "டீச்சர் கைப்பக்குவத்துக்கு முன்னால கொற சொல்ல யாருக்கு நாக்கு வரும்!" என்று மிக்கேல் அண்ணாச்சி வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அதோடு விட்டிருந்தாலாவது... விட்டேனா? அவளாக வாய் திறக்கும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. நானே எழுந்து கேட்டேன்.

"என்ன லூர்து, அக்கரையில சனிக்கிழமைப் பூசை நல்லாத்தானே நடக்கு?"

பாருங்கள், கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தேன். அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள்.

"நல்லா நடக்குக்கா."

உட்கார்ந்துவிட்டாள்.

மறைவட்ட அதிபருக்கு ஒரே மகிழ்ச்சி. இந்தத் திட்டத்தை மற்ற பங்குகளுக்கும் சொல்ல வேண்டும் என்றார். கைதட்டினார்கள். லூர்துவும் தட்டினாள்.

பாத்திரம் கழுவும்போது அவளே ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். கழுவியதைத் துடைத்து அடுக்கினாள். மீந்த சொதியைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தேன், சூசைக்கு என்று. வாங்கிக்கொண்டு பாலத்தில் நடந்து போனாள்.

அந்த ஐப்பசி மழைக்கு முன்பே சூசை குடிக்கத் தொடங்கிவிட்டான்.

அதற்கு நான்தான் காரணமா? குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பூசை நேரம் மாறியதற்காக ஒருவன் குடிப்பானா என்று வாதாடினேன். சில நாட்கள் அந்த வாதத்தில் ஜெயித்தும் இருக்கிறேன். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் லூர்துவின் கன்னத்தில் ஒரு வீக்கத்தைப் பார்த்த நாளில் எல்லாம் தோற்றுவிட்டது. "கதவுல இடிச்சிட்டேன்க்கா" என்றாள். நான் நம்பியதுபோல் தலையாட்டினேன்.

பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டேன். என்னவென்று சொல்வது? பொய் சொன்னேனா? ஒரு பொய்யும் சொல்லவில்லையே! திருடினேனா? பசித்தவர்களுக்குச் சோறு போட்டேன், சாமி என்றா சொல்வது? பொறுமை இழந்தேன், பூசையில் பராக்குப் பார்த்தேன் என்று எதையோ உளறி, அதற்கான மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். இது அப்படியே உள்ளே கிடந்தது.

பிறகு என்னால் முடிந்ததைச் செய்தேன். அடுத்த மதிப்பீட்டைக் காலையிலேயே வைத்தேன், கடுங்காப்பி மட்டும் கொடுத்து. என்னமாய்ப் பேசினார்கள்! மைக்கில் தொடங்கி என் பாடற்குழுவின் நீட்டல் வரை கிழித்துத் தொங்கவிட்டார்கள். அக்கரைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து ஞாயிறு பூசையைக் கேட்டார்கள். லூர்து எழுந்திருக்கவில்லை. நானே முன்மொழிந்தேன். எங்கள் பூசை ஒன்பது மணிக்குத் தள்ளிப் போனது, அக்கரைக்கு அதிகாலைப் பூசை திரும்பியது. எவ்வளவு சுலபம் பார்த்தீர்களா? நேரத்தைக் கொஞ்சம் தள்ளினால் போதும் என்பது முதல் நாளிலேயே எனக்குத் தெரியாமல் போயிற்றா?

"விட்டுக்கொடுக்கதுன்னா டீச்சர்ட்டக் கத்துக்கிடணும்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். ஐயோ, அந்தச் சால்வை!

பூசை திரும்பியது. சூசை திரும்பவில்லை. ஞாயிறு காலையில் அவன் எழுந்திருக்கும் நிலையில் இருப்பதில்லை. மணியை வேறு ஒருவர் அடிக்கிறார்.

போன ஞாயிறு விடியுமுன்னே எழுந்து முதல் பேருந்தில் அக்கரைக்குப் போனேன். லூர்து கோயில் வாசலில் உட்கார்ந்து பீடத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். ஏற்பாட்டை மாற்றியது, முதல் பந்தி, கேள்வி கேட்ட விதம், என் பாட்டு... எல்லாம்.

அவள் கை நிற்கவில்லை. பூவை வைத்து, நாரைச் சுற்றி, முடிந்தாள்.

"தெரியும்க்கா."

"எப்பளா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். என்னைய முதப் பந்திக்குக் கூப்பிட்டியள்லா, அப்பவே." சிரித்தாள், அவள் முழு முகமும் சிரிக்கவில்லை. "நெருப்புல நின்னு ஆக்கிப் போட்டிய. தின்னுட்டு எழும்பி நின்னு உங்களுக்கு எதிரா எப்படிப் பேசுவேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னைய மன்னிச்சிருளா. ஒரு வார்த்த சொல்லு. மன்னிச்சிட்டேன்னு சொல்லு."

அவள் கையை உதறவில்லை. மெதுவாக விடுவித்துக்கொண்டு அடுத்த பூவை எடுத்தாள்.

"உங்க மேல எனக்குப் பிரியம் போகாதுக்கா. அது வேற." பூவை நாரில் வைத்து முடிந்தாள். "நீங்க கேட்டியன்னு ஒருதடவ 'நல்லா நடக்கு'ன்னு சொன்னேன். இன்னொருதடவ உங்களுக்காகச் சொல்ல எனக்கு ஏலாது."

மணி அடித்தது. அவள் பூச்சரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலியோடு நான் எழத் தடுமாறியபோது கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். உள்ளே போய்ப் பீடத்தில் பூ வைத்துவிட்டு வந்து, தன் பாயை எனக்கும் சேர்த்து அகலமாக விரித்தாள்.

இருவரும் ஒரே பாயில் முழங்காலிட்டோம். பூசையின் நடுவே காணிக்கைப் பாட்டு தொடங்கியது. அக்கரைக்காரர்கள் முதல் சரணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னாலும் மேலே பாட முடியவில்லை.