கயலின் பி.டி. பீரியட்

போன வருஷம் மானகிரியில் ஒரு புதுமனை புகுவிழா. பந்தியில் என் பக்கத்தில் அக்கா மகள் கயல். ஒன்பதாம் வகுப்பு. கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள்... சரி, நிறையவே.

கவுனி அரிசி இனிப்பு வந்தது. இன்னொரு கரண்டி கேட்டாள் கயல். எதிர் வரிசையில் இருந்த தூரத்துச் சொந்தக்காரம்மா ஒருவர், பரிமாறுகிறவரைக் கையைக் காட்டித் தடுத்தார்.

"அந்தப் பிள்ளைக்கு வைக்காதீக தம்பி. இப்பவே வாசல்ல நுழைய மாட்டேங்குது!"

பந்தியே சிரித்தது. கயலும் சிரித்தாள். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அந்த அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வெறும் ஜோக்தான். ஆனால், அதை மனசில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனது அவரில்லையே?

மறுநாளிலிருந்து கயல் 'டயட்'. காலையில் வெறும் டீ. மதிய டப்பா திறக்காமலே திரும்பியது. அந்த வாரக் கடைசியில் ஸ்கூல் பிரேயரில் மயங்கி விழுந்தாள்.

அக்காவும் அத்தானும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் ஒரு குழந்தைகள் டாக்டரிடம் ஓடினோம். உட்கார்ந்ததும் அத்தான் ஆரம்பித்தார்.

"எந்நேரமும் பப்ஸும் கூல்டிரிங்ஸும்தான் டாக்டரம்மா. சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க கொஞ்சம் அதட்டி வைங்க."

டாக்டர் அதட்டவில்லை. "எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்வே? நீயே சொல்லும்மா" என்றார்.

"விடியுமுன்ன டியூஷன். அப்புறம் வேன், ஸ்கூல். ஸ்கூல் விட்டு நேரா சாயங்கால டியூஷன். நடுவுல பசிக்கும்... டியூஷன் வாசல்ல பப்ஸ்தான் கிடைக்கும். வீட்டுக்கு வந்து ஹோம்வொர்க். அப்புறம் கொஞ்ச நேரம் போன்."

"கொஞ்ச நேரம்னா?"

"அம்மா புடுங்குற வரைக்கும்."

"விளையாட்டு?"

"பி.டி. பீரியடக் கணக்கு சார் வாங்கிக்கிருவாரு. தெருவுல பைக்கு வேகமா வருதுன்னு அம்மா விட மாட்டாங்க."

பிள்ளை குண்டானால் உடனே அதன் வாயைத்தானே பார்க்கிறோம்? காலைக் கட்டிப்போட்டது யாராம்?

"ரத்தம் டெஸ்ட் பண்ணிருவோம்" என்றார் டாக்டர். "உடம்பு வாகு அப்பா, அம்மாகிட்ட இருந்தும் கொஞ்சம் வரும்." அத்தான் சத்தமில்லாமல் வயிற்றை எக்கிக்கொண்டார். "தூக்கம் குறைஞ்சாலும் எடை கூடலாம். ஓடியாட இடமில்லன்னாலும் கூடலாம். ஆனா பட்டினி மட்டும் கூடாது, வளர்ற வயசு. சாப்பாட்ட மாத்துறதுன்னா வீட்டுல எல்லாருக்கும் மாத்துங்க. இவளுக்கு மட்டும் தனித் தட்டு வேணாம். கேலியும் வேணாம்."

"தூக்கத்துக்காகக் காலை டியூஷன நிப்பாட்டினா மார்க்கு போயிருமே?" என்றார் அத்தான்.

"காலையில தூங்கணும்ப்பா எனக்கு" என்றாள் கயல். கெஞ்சவில்லை, அழவில்லை. தண்ணீர் கேட்பது போலக் கேட்டாள். "சரிம்மா" என்றார் அத்தான்.

டெஸ்டில் கோளாறு ஒன்றுமில்லை. காலை டியூஷன் நின்றது. சாயங்காலப் பசிக்கு டப்பாவில் சுண்டல் போனது. ஃபிரிட்ஜிலிருந்த கலர் பாட்டில்கள் காணாமல் போயின... அத்தானுடையதும் சேர்த்து!

மிச்சமிருந்தது பி.டி. பீரியட்.

அக்கா பெற்றோர் கூட்டத்தில் வாய் திறக்கிற ரகமில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். இந்தத் தடவை துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். திடீரென்று எழுந்து நின்றாள்.

"கணக்கு சார்... பிள்ளைகளோட பி.டி. பீரியடத் திருப்பிக் குடுத்துருங்க."

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. போச்சு, அக்கா தனியாக மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு அப்பா, "எங்க பயலுக்கும் சேத்துக் குடுங்க சார்!" என்றார். அவ்வளவுதான். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கணக்கு சார் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "போர்ஷன் முடிக்கணும்ல? இதுவரைக்கும் நீங்க யாரும் எங்கிட்ட மார்க்கத் தவிர வேறெதும் கேட்டதில்லையே..."

நியாயம்தானே? நாங்கள் கேட்டதை அவர் கொடுத்தார். இனி வேறு கேட்போம் என்று முடிவாயிற்று. ஹெச்.எம். அங்கேயே தலையாட்டிவிட்டார்.

கயல் த்ரோபாலில் சேர்ந்தாள். முதல் வாரம் மூச்சு வாங்கி, ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். இப்போது அவள் சர்வீஸ் போட வந்தால் எதிர் டீம் இரண்டடி பின்னால் போகிறது. எடை எவ்வளவு குறைந்தது என்கிறீர்களா? அது டாக்டர் பாடு. நான் கேட்கவில்லை. மதிய டப்பா காலியாகத் திரும்புகிறது, படுத்ததும் தூங்குகிறாள். எனக்கு அது போதும்.

நேற்று அக்கா போனில் ஒரே புலம்பல். "மைதானத்துச் செம்மண்ணு பூராம் இவ யூனிஃபார்ம்லதான்டி இருக்கு. எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது!"

பிள்ளை மெடல் வாங்கி வந்தாற்போல் இருந்தது அவள் குரல்!